காவடித் தண்டின் நுனியில் ஒரு புள்ளி

எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். கட்டுரை வேண்டும் என்று போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் என் பேரன் வயதுதான் இருக்கும். ஒருவர் கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் இருந்த பருவை ஒரே சொடுக்கில் மறைய வைத்துக் காட்டினார்.

"உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நேரம் புடிக்கும் ஐயா?"

"அர நாள் ஆவும். தப்பாப் போனா ஆயுசுக்கும் ஆவும்" என்றேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் கும்பிடுகிற பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

என் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. நானும் பதினாறு வயதில் அந்த ஆலைக்குள் போனேன். நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்து, இழை விட்ட இடம், முடிச்சு விழுந்த இடம் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவது என் வேலை. ஆலையில் ஆள் குறைத்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன்.

அது 1954. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். போகிறவர்களுக்குப் பயணக் காகிதத்தில் ஒட்டப் படம் வேண்டும். இருக்கிறவர்களுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து ஒரு படம் வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவில் காலையிலிருந்து வரிசை நின்றது. அதன் முதலாளி தனிஸ்லாஸ். ஊரில் எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள், ஐயா என்கிற மாதிரி. அவருக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒரு கண்ணாடி நெகட்டிவைக் கையில் கொடுத்தார்.

"இதுல இன்னா குறை இருக்குது, சொல்லு."

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். "இங்க ஒண்ணு. இங்க ரெண்டு. காதுக்குக் கீழ மயிரிழை மாதிரி ஒரு கீறல்."

"காதுக்குக் கீழயா?" என்று வாங்கிப் பார்த்தார். அந்தக் கீறல் அவருக்கே தெரியாது. "நாளைக்கு வந்துடு" என்றார்.

கற்றுக்கொண்ட கதையை நீட்டவில்லை. இரண்டு வருஷம் பிடித்தது, நாற்பது பிளேட்டாவது கெடுத்திருப்பேன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் படம் கண்ணாடி பிளேட்டில் விழும். இருட்டறையில் அதை மருந்துத் தண்ணீரில் கழுவினால் நெகட்டிவ் வரும். அதில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதைத் திருத்துவதற்கு டச்சிங் என்று பெயர். சாய்வான மேசை, நடுவில் பால்கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி. பிளேட்டை அதன்மேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அச்சுப் படத்தில் கறுப்பாக விழப்போகிற குறையைப் பென்சிலால் நிரப்பலாம். வெள்ளையாக விழப்போகிற குறை நெகட்டிவில் கறுப்புப் புள்ளியாக இருக்கும், அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். பென்சில் போட்டதை அழித்துவிடலாம். கத்தி வைத்தது வைத்ததுதான்.

கத்தியைப் பிடிக்க முசியே சொல்லிக்கொடுத்த முறை இன்றும் என் விரலில் இருக்கிறது. கை அழுத்தக் கூடாது, கத்தியின் எடை மட்டும் போதும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்குள் ஒரு இழுப்பு. பின்னால் நின்றுகொண்டு "துசுமா, துசுமா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம். அவர் குரலே மெதுவாகத்தான் இருக்கும். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகிவிடும்.

ஒருநாள் இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பிய சொல்தா ஒருவர், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், படம் எடுத்துக்கொண்டு போனார். தாடையில் வெள்ளையாக ஒரு வெட்டுத் தழும்பு. நல்ல முகத்தில் இது எதற்கு என்று நான் பாதி நாள் உட்கார்ந்து அதைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். படம் வாங்க வந்தவர் கத்தினார்.

"யார்யா என் தாடையத் தொடச்சது?"

"நாந்தாங்க. அழகா இருக்கட்டும்னு..."

"அழகா? நான் இன்னா பொண்ணு பாக்கவா போறேன்? அந்த வெட்டுக்குத்தான்யா எனக்குப் பென்சன்! இந்தப் படத்த அனுப்புனா, இவன் வேற ஆளுன்னு எழுதிப்புடுவான்!"

முசியே அவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு படம் எடுத்துக்கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "ஏகாம்பரம், உனக்குக் குறையாத் தெரியறது அவருக்குச் சோறு" என்றார். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் கச்சாவாக ஒரு பிரதி போட்டு, வாடிக்கைக்காரரிடம் காட்ட வேண்டும். எதை எடுக்கலாம் என்று அவர் கையால் குறி போட வேண்டும். குறி இல்லாத இடத்தில் கத்தி படக் கூடாது.

மூன்று நான்கு வருஷம் அந்தச் சட்டப்படியே நடந்தேன். ஒரே ஒரு முறை மீறினேன்.

எங்களுக்கு விசித்திரமான வாடிக்கைக்காரர் ஒருவர் உண்டு. கோவிந்தசாமி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். முத்தியால்பேட்டையில் தன் வீட்டு மொட்டைமாடியில் தானே தேய்த்துச் செய்த கண்ணாடியை வைத்துப் வானம் பார்க்கும் பெரிய தூரதரிசினி ஒன்று கட்டியிருந்தார். விளக்கு வைத்த பிறகு அதில் பிளேட்டை மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணை எடுக்காமல், ஆகாயம் நகர நகர ஒரு திருகைக் கையால் திருகிக்கொண்டே இருப்பாராம். மறுநாள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் பிளேட்டுப் பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றி, சைக்கிளில் கொண்டுவந்து என்னிடம் தருவார். "கொழந்தையக் குளிப்பாட்ற மாதிரி கழுவுப்பா" என்பார்.

முதல் வருஷம் அவர் கொண்டுவந்த பிளேட்டைக் கழுவி, ஈரத்தோடு ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அங்கங்கே புள்ளிகள். நடுவில் ஒரு நெல்மணி நீளத்துக்குக் கறையாக ஏதோ இருந்தது. பூதக்கண்ணாடி வைத்தேன். நேரான ஒரு கம்பு. அதன் நடுவில் திரட்சி. கம்பின் ஒரு நுனியிலிருந்து ஒரு வளைவு மேலே போயிற்று, இன்னொரு நுனியிலிருந்து ஒரு வளைவு கீழே இறங்கியது.

"இன்னா தெரியுது?" என்றார் வாத்தியாரய்யா.

"காவடிங்கய்யா. தண்டு இருக்குது. ரெண்டு பக்கமும் மயிலெறகு கட்டியிருக்குது."

அவர் பிளேட்டை வாங்கித் தானும் பார்த்தார். "பிரெஞ்சுல இதுக்குக் கம்பு வெச்ச சுருள்னு பேரு. உன் பேரே நல்லா இருக்குதே!"

அது ஒரு நட்சத்திரம் இல்லை, கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்த கூட்டம் என்று சொன்னார். தெற்கு வானத்தில் இருக்கிறதாம். "பாரீசுல இருக்கறவனுக்கு இது அடிவானத்துப் பொகைல முழுகிப்போயிடும். நமக்குப் பாதி ஒசரத்துல வந்து நிக்குது. இந்த ஊர்ல பொறந்ததுக்கு இதுவே போதும்பா." அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் மனிதனே இல்லை என்றும் சொன்னார். எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. ஈர பிளேட்டைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து முசியேயையும் சேர்த்து எங்கள் மூவருக்கும் அது காவடிதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தை மாதம். முசியே கல்யாணப் படம் எடுக்கக் காரைக்காலுக்குப் போயிருந்தார். திரும்பிவர நான்கு நாள். மழைக்காலம் முடிந்த புதிது, கிணற்றுத் தண்ணீர் கலங்கியிருந்தது. வடிகட்டித்தான் மருந்து கலந்தேன். அப்படியும் அந்த வாரம் இரண்டு பெண்களின் பிளேட்டில் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பயத்திலேயே இருந்தேன்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலை வாத்தியாரய்யா வந்தார். முந்தின இரவு எடுத்த காவடி பிளேட்டோடு, போன வருஷத்து பிளேட்டையும் கொடுத்தார். "ரெண்டையும் பெரிசு பண்ணிக் குடு. ஒரே அளவா, ஒரே கறுப்பா இருக்கணும். பள்ளிக்கூடத்துல பக்கத்துல பக்கத்துல மாட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு மணி அடிக்குமுன் பறந்தார்.

கழுவினேன். நன்றாக வந்திருந்தது. காய்ந்த பிறகு இரண்டு பிளேட்டையும் டச்சிங் மேசையில் அடுத்தடுத்து வைத்தேன். ஆலைப் பழக்கம், இரண்டு துணியைச் சேர்த்துப் பார்த்தால் கண் தானாக வித்தியாசம் தேடும். வானத்தில் அந்த மூலையில் நட்சத்திரம் அதிகம் கிடையாது, எண்ணிவிடலாம். எண்ணினேன். புது பிளேட்டில் ஒன்று கூடுதல். காவடித் தண்டின் இடது நுனியில், மயிலிறகு வளைய ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. போன வருஷத்து பிளேட்டில் அந்த இடம் காலி.

மருந்துப் பொடிதான், என் கைக்குறைதான் என்று முடிவு கட்டினேன். வாத்தியாரய்யா ஒரு மணி நேரம் கண் நோகப் பிடித்த படத்தில் நான் அழுக்கு வைத்துவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. முசியேயின் சட்டம் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இது மனுஷ முகம் இல்லையே, கச்சாப் பிரதி போட்டு யாரிடம் குறி வாங்குவது, ஆகாயத்திடமா என்று நினைத்தேன். கத்தியை எடுத்தேன். மூச்சை விட்டேன். நான்கு இழுப்பு. போயிற்று. அவ்வளவு சுத்தமாக நான் எடுத்த புள்ளி வேறு கிடையாது.

இரண்டு படமும் இரட்டைப் பிள்ளை மாதிரி வந்தன. வாத்தியாரய்யா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பங்குனியில் ஒருநாள் மதியம் அவர் ஸ்டூடியோவுக்குள் ஓடிவந்தார். சட்டை முழுக்க வியர்வை, கையில் அச்சடித்த ஒரு தாள். முசியே பெட்டிக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டச்சிங் மேசையில் இருந்தேன்.

"முசியே! நம்ம காவடில நட்சத்திரம் ஒண்ணு வெடிச்சிருக்குது!"

"ஆருக்கும் அடிபடலயே?" என்றார் முசியே.

"அட போங்க. இங்க கேளுங்க." வாத்தியாரய்யா தாளை விரித்தார். தெற்குத் தேசம் ஒன்றில் வானம் பார்க்கும் நிலையத்திலிருந்து வந்த செய்தி. நட்சத்திரம் சில சமயம் வெடிக்குமாம். வெடித்தால் சில வாரம் பயங்கரமாக எரிந்துவிட்டு மங்கிப்போகுமாம். அவர்கள் பிப்ரவரி நடுவில் எடுத்த பிளேட்டில் அது இருக்கிறது. அதற்கு முன் டிசம்பரில் எடுத்ததில் இல்லை. இடையில் எடுத்த பிளேட் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

"நடுவுல ரெண்டு மாசம் யாரும் பாக்கல. நான் பாத்திருக்கேன்! தை அமாவாசைக்கு என் பிளேட்டுல அது இல்ல. அப்ப அதுக்கப்புறந்தான் வெடிச்சிருக்குது. இத நான் எழுதலன்னா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. மொட்டமாடில இத்தன வருசம் பனில நின்னதுக்கு இது ஒண்ணு போதும் முசியே."

"அப்ப நம்ம கழுவுன பிளேட்டு உலகத்துக்கே சாட்சியா?"

"சாட்சிதான்!"

நான் மேசையை விட்டு எழுந்தேன். "அது... எந்த எடத்துலங்கய்யா?" என்று கேட்டேன்.

"உன் காவடித் தண்டோட எடது நுனிலதான்பா. மயிலெறகு வளையுது பாரு, அங்க. கடுதாசோட வெக்கறதுக்கு இன்னிக்கே நல்ல படம் ஒண்ணு போட்டுக் குடு. நாளைக்குத் தபாலாபீஸ் தொறந்ததும் அனுப்பிடணும்."

போட்டுக் கொடுத்தேன். என் கையால் அந்தப் பொய்ப் படத்தைக் கழுவி, உலர்த்தி, உறையில் போட்டுக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போய் என் சம்சாரம் கனகத்திடம் சொன்னேன். அவள் அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"நீ சொரண்டுனது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நீ வாயத் தொறக்கலன்னா அந்தக் கண்ணாடியா பேசப் போவுது?"

"பேசாது. ஆனா அவரு பொய் எழுதப் போறாரு கனகம். பொய்யின்னு அவருக்கே தெரியாம எழுதப் போறாரு. நாலு தேசத்துக்காரன் அத நம்பிக் கணக்குப் போடுவான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "வேல போயிடுமா?"

"போவலாம்."

அடுப்பிலிருந்து குழம்பை இறக்கினாள். பிறகு, "ஆல நின்னப்ப ஆறு மாசம் கஞ்சி குடிச்சோமே, செத்தா பூட்டோம்?" என்றாள். "காலைல போய்ச் சொல்லிடு. ஆனா சாப்ட்டுட்டுப் போ. வெறும் வயித்துல திட்டு வாங்காத."

மறுநாள் பிள்ளையார் முன்னால் நின்றேன். வேறெதுவும் வேண்டவில்லை. அப்பனே, வழியில் என் கால் திரும்பாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். திரும்பவில்லை.

முசியேயிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்து, மூடியைப் போட்டு, துணியை நான்காக மடித்து வைத்தார்.

"கச்சாப் பிரதி போட்டியா?" குரல் கேட்கவே கேட்காத அளவுக்கு மெதுவாக இருந்தது.

"போடல முசியே. நீங்க ஊர்ல இல்ல..."

"நான் ஊர்ல இல்லன்னா?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். வெளியே நான்கைந்து பேர் படமெடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வேலை நாளில் அவர் கதவைப் பூட்டி நான் பார்த்தது அன்றுதான்.

"நான் வேலைய விட்டுடட்டுமா முசியே?" என்று தெருவில் கேட்டேன்.

"மொதல்ல வேகமா நட. தபாலாபீஸ் தொறந்துடும்."

வாத்தியாரய்யா வீட்டு மேசையில் கடிதம் தயாராக இருந்தது. உறையை ஒட்டப் பசைக் கிண்ணத்தில் விரலை விட்டிருந்தார். முசியே சொன்னார்: "வாத்தியாரே, ஒட்டாதீங்க. ஏகாம்பரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவனே சொல்வான். ஸ்டூடியோ என்னுது, அதனால நான் பக்கத்துல நிக்கறேன்."

சொன்னேன். வாத்தியாரய்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"சொரண்டிட்டியா? நட்சத்திரத்த அம்மத் தழும்புன்னு நெனச்சிக்கினியா? யோவ், அது எத்தினி கோடி மைலுக்கு அந்தாண்டயிருந்து வந்துச்சி தெரியுமா? வந்து வந்து, கடைசில உன் கத்திக்கா வந்து மாட்டணும்? உலகத்துல மொத மொத அதப் பாத்தது நீதான்டா, படுபாவி! பாத்ததும் கொன்னுட்டியே!"

அவர் அறைக்குள்ளே நடந்தார், ஜன்னல் வரை போனார், வந்தார். நேற்று வரை, தை அமாவாசைக்குப் பிறகுதான் வெடித்தது என்று சொல்ல ஒரு பிளேட் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காவடியும் அந்த வருஷத்துக்குச் சூரியன் பக்கம் போய்விட்டது, இனி எடுக்கவும் முடியாது.

முசியேதான் வாய் திறந்தார். "கத்தி பட்ட எடம் பிளேட்டுல இருக்குமே, வாத்தியாரே. எவ்ளோ நல்லா சொரண்டுனாலும் வெளிச்சத்தச் சாச்சுப் பாத்தா தெரியும்."

வாத்தியாரய்யா நின்றார். அலமாரியிலிருந்து பிளேட்டை எடுத்து ஜன்னலுக்குப் போனார். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தண்டின் இடது நுனியில் எறும்புக் கால் அளவுக்கு ஒரு பள்ளம் மினுக்கென்றது.

பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். கோடு போட்ட கண்ணாடிச் சில்லு ஒன்றை அதன்மேல் வைத்து, நடுத் திரட்சியிலிருந்து அந்தப் பள்ளம் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று அளந்தார். காகிதத்தில் பெருக்கினார். அச்சுத் தாளில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். மூன்றாம் தடவை அளந்துவிட்டுப் பென்சிலைக் கீழே போட்டார்.

"அதே எடந்தான்" என்றார். "பொடி இல்ல. அதுதான்."

என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் இப்போது வேறொன்றும் இருந்தது. "எவ்ளோ கறுப்பா இருந்துச்சி?"

"சொல்லலாங்கய்யா."

"சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லாத. உக்காரு." பிளேட்டில் ஆறு நட்சத்திரத்தைக் காட்டினார். "இதுல ரொம்பக் கறுப்பு எது, அடுத்தது எது, வரிசையாச் சொல்லு."

பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு சொன்னேன். அதுதானே என் வேலை. கன்னத்துக் கறுப்புக்கும் கழுத்துக் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தனை வருஷமும் சாப்பிட்டேன். அவர் தன் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். நான்கு சரி. நான்காவதையும் ஐந்தாவதையும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றார்.

இன்னொரு தடவை பார்த்தேன். "இல்லீங்கய்யா. இதுதான் கம்மி" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

அவர் புத்தகத்தில் இன்னொரு பக்கம் புரட்டினார். நெற்றியில் தட்டிக்கொண்டார். "அது செவப்பு நட்சத்திரம். கண்ணுக்கு நல்லாத் தெரியும். பிளேட்டுல கொறச்சலாத்தான் விழும்."

"ஆமாங்கய்யா, குங்குமம் வெச்ச பொட்டு படத்துல கறுப்பா விழுமே, அந்த மாதிரி."

"சரி. நீதான் சரி. இப்ப அந்தப் புள்ளியச் சொல்லு."

கண்ணை மூடினேன். தை மாதத்து வெளிச்சம், மேசை, கத்தி எல்லாம் அப்படியே வந்தது. "மூணாவதவிடக் கொஞ்சம் கறுப்பு. ரெண்டாவதவிடக் கம்மி. மூணாவதுக்குக் கிட்டத்துல சேத்தி."

"எப்படி அவ்ளோ நிச்சயமாச் சொல்ற?"

"மூணாவது மாதிரி இருந்திருந்தா மூணு இழுப்புல போயிருக்கும். இதுக்கு நாலு ஆச்சு."

வாத்தியாரய்யா எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். புதுத்தாள் எடுத்தார். பிரெஞ்சில் எழுதி, எனக்காக ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். இந்தத் தேதியில் நட்சத்திரம் என் பிளேட்டில் இருந்தது. டச்சிங் செய்பவர் அதைக் குறை என்று நினைத்துக் கத்தியால் எடுத்துவிட்டார். அவரே வந்து சொன்னார். கத்தி பட்ட இடத்தின் அளவு இது. எடுப்பதற்கு முன் அவர் கண்ட கறுப்பு இவ்வளவு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

"பேரு போடணும். சம்மதமா?" என்றார்.

என் தப்பு என் பெயரோடு கடல் தாண்டிப் போகப்போகிறது. ஆனாலும் அப்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. "போடுங்கய்யா."

"ஸ்டூடியோ பேரையும் போடுங்க" என்றார் முசியே.

"உங்களுக்கு எதுக்கு முசியே இந்த அவமானம்?"

"கத்தி என்னுது."

நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மூவருமாகப் போய்த் தபாலில் சேர்த்தோம்.

வேலை போகவில்லை. முசியே அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கத்தியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது போய்க் கேட்க வேண்டும். கச்சாப் பிரதியில் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

இப்போது நினைத்தால், கடவுள் எனக்கு எத்தனை பேரைத் துணைக்கு அனுப்பியிருந்தார் என்று மனம் நெகிழ்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்ன மனைவி. கதவைப் பூட்டிவிட்டுக் கூட நடந்த முதலாளி. அத்தனை ஆத்திரத்திலும் எவ்வளவு கறுப்பு என்று என்னிடம் கேட்ட வாத்தியார். இவர்களில் ஒருவர் வேறு மாதிரி இருந்திருந்தாலும் நான் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டே காலம் தள்ளியிருப்பேன்.

ஆடி மாதத்தில் பதில் வந்தது. வாத்தியாரய்யா ஸ்டூடியோவிலேயே பிரித்தார். முசியே அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னார். அந்த இரண்டு மாத இடைவெளிக்கு வேறு பிளேட் யாரிடமும் கிடைக்கவில்லை. நீங்கள் சொன்ன கறுப்பு, அந்த நட்சத்திரம் பிறகு மங்கிய விதத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி குறிப்பிட்டு, அந்தத் தேதியில் அது இருந்தது என்று எழுதிக்கொள்கிறோம். டச்சிங் செய்பவருக்கு எங்கள் நன்றி.

வாத்தியாரய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசில ஒண்ணு கேட்டிருக்காங்க" என்றார். "பிளேட்டப் பத்திரமா வெக்கணுமாம். கத்தி பட்ட எடத்த யாரும் சரி பண்ணக் கூடாதாம்."

முசியே என் தோளில் கை வைத்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"ஏகாம்பரம்! ஊர்ல எல்லாரும் குறைய எடுத்துக் குடுன்னுதான் நம்மகிட்ட வருவாங்க. குறைய அப்படியே வெய்யி, தொடாதன்னு சீமைலேர்ந்து காயிதம் வந்தது உனக்குத்தான்யா!"

நான் பிளேட்டுக்குப் புது உறை ஒன்று வெட்டி, ஓரம் படாமல் உள்ளே நுழைத்து, வாத்தியாரய்யாவிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சைக்கிள் பையில் வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளியபடி, மார்க்கெட்டுக் கூட்டத்தில் வழி விடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, முத்தியால்பேட்டை வரைக்கும் நடந்தே போனார்.